பெயரடைவில் ஒரு சீட்டு

கடத்தூர்
9-1-2025

அன்புள்ள மாதவராஜ் அண்ணனுக்கு,

வணக்கம். நலம்தானே? மகள் சசிகலாவும் பிள்ளைகளும் சுகமா? இங்கே வீட்டில் பாக்கியமேரிக்கு முழங்கால் வலி, எனக்குக் காது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

நீங்கள் அனுப்பிய உங்கள் புத்தகத்தின் அச்சுப்படி நேற்று கூரியரில் வந்து சேர்ந்தது. பக்கங்களை எண்ணிப் பார்த்தேன். இருநூற்று எழுபத்திரண்டும் வரிசையாக இருக்கின்றன. நம் சங்கத் தலைவர் மாதையன் கொலையுண்டு வருகிற மார்ச் பன்னிரண்டோடு நாற்பது வருடம். அதற்குள் புத்தகம் வந்துவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். புத்தகத்தின் கடைசியில் வரும் பெயரடைவை நான்தான் தயாரிக்க வேண்டும் என்று சொன்னது எனக்குப் பெருமையாகவும் பயமாகவும் இருக்கிறது. பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருடம் பதிவேடு எழுதினேன் என்பதைத் தவிர எனக்கு இதில் என்ன தகுதி என்று தெரியவில்லை. நீங்கள் சொன்னதால் செய்கிறேன்.

போனில் பேசினால் காது மெஷின் விசில் அடிக்கிறது. ஆகையால் தயவுசெய்து கடிதமாகவே எழுதுங்கள். சசிகலா சிரிப்பாள். பரவாயில்லை.

வேலையை இப்படித் தொடங்கியிருக்கிறேன். பழைய தினசரி காலண்டர் தாள்களை நான்காக வெட்டி, ஒரு பெயருக்கு ஒரு சீட்டு. பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால் எழுத வசதி. எல்லாவற்றையும் செருப்புப் பெட்டியில் அகர வரிசையில் நிறுத்தி வைக்கிறேன். ஒரே சிக்கல், நம் பக்கத்துப் பெயர்கள். தலைவரையும் சேர்த்து நான்கு மாதையன். முனியப்பன் ஆறு பேர். டிரைவர் முனியப்பன், டீக்கடை முனியப்பன், சாட்சி சொன்ன முனியப்பன், இப்படி. ஒருவர் பக்கம் இன்னொருவர் சீட்டில் ஏறிவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு பக்க எண்ணுக்கும் எதிரே அந்த ஆள் அப்போது எந்த ஊரில், எத்தனை மணிக்கு இருந்தார் என்றும் குறித்துக்கொள்கிறேன். அச்சில் அது வராது. எனக்காக மட்டும்.

பிழை இருந்தால் மன்னிக்கவும்.

தங்கள் அன்புத் தம்பி,
அல்போன்ஸ்


தாம்பரம்
20-1-2025

அன்பு அல்போன்சு,

கடிதம் கிடைத்தது. பேரப்பிள்ளைகள் அந்த இன்லாண்டு கவரை மியூசியத்தில் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். எனக்குக் கண்ணில் புரை எடுத்த பிறகு எழுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறது. பொறுத்துக்கொள்.

நீ மாறவே மாட்டாயா? பெயர் எழுதச் சொன்னால் மணி எழுதுகிறாய். சங்க ஆபீசில் இருந்தபோது, ஒரு கூட்ட நோட்டீசை அடிக்க மூன்று கார்பன் வைத்து, நான்கு படியையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆள்தானே நீ. எந்திரம்கூட அப்படி ஒப்பிடாது என்று தலைவர் சிரிப்பார். எப்படியோ சீக்கிரம் முடி.

ஒன்பதாம் அத்தியாயம் வரைக்கும் வந்துவிட்டாயா? நாற்பது வருடமாக யாரும் எழுதத் துணியாத அத்தியாயம் அது. வெட்டியவர்கள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். தண்டனை வாங்கினார்கள், வெளியே வந்தார்கள், செத்தும் போனார்கள். ஆனால் தலைவர் அன்றைக்குப் பெரிய ரோட்டில் வராமல் ஏரிக்கரை வழியாக வருகிறார் என்று அவர்களுக்குச் சொன்னது யார்? கோர்ட்டு அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. நான் கேட்டிருக்கிறேன், பதிலும் எழுதியிருக்கிறேன். டிரைவர் முனியப்பன். ஏரிக்கரைச் சின்னப் பாலத்தில் ஜீப்பை நிறுத்தியவன். ஒரு கீறல் இல்லாமல் தப்பியவன்.

இன்னொன்று. நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் நீ இருக்கிறாய், பார்த்தாயா? 'அலுவலகத் தட்டச்சர் அல்போன்ஸ்.' நீ பின்னால் அனுப்பிய முதல் பட்டியலில் அமல்தாஸ், அருள்ராணி, அப்புறம் நேராக 'ஆ' வந்துவிட்டது. உன் சீட்டு எங்கே? வெட்கமா?

உன்,
மாதவராஜ்


கடத்தூர்
3-2-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். கண்ணுக்குச் சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொள்ளுங்கள்.

என் சீட்டு விடுபட்டது வேண்டுமென்றே அல்ல. பெயரடைவு செய்கிறவன் தன் பெயரை அதில் போடலாமா என்று சந்தேகம். பாக்கியமேரியும் இதையேதான் கேட்டாள். "ஊர்ப் பேரையெல்லாம் எழுதறீங்க, உங்க பேரு எங்கீங்க?" என்றாள். பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது எழுதப்போவதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நான்கு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். ஒருவேளை நான்தான் சரியாகக் கவனிக்கவில்லையோ என்னவோ.

டிரைவர் முனியப்பன் சீட்டில் நான் குறித்த மணிகள் உங்கள் புத்தகத்திலிருந்து எடுத்தவைதான். பக்கம் 131: சென்னையிலிருந்து வந்த இரண்டு பேச்சாளர்களை அழைத்துவர, மதியம் இரண்டு மணிக்கு ஜீப்பை எடுத்துக்கொண்டு மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் போகிறார். ரயில் தாமதம். நான்கு ஐந்துக்கு வருகிறது. பக்கம் 134: பேச்சாளர்களைக் கூட்டம் நடக்கும் ஊரில் இறக்கிவிட்டு, பென்னாகரம் ஆபீசுக்கு ஜீப் திரும்பும்போது மணி ஐந்து ஐம்பது. அப்போதுதான் புது வழி அவருக்குச் சொல்லப்படுகிறது.

தலைவர் வழியை மாற்றியது மூன்றரை மணிக்கு. யாரோ போனில் எச்சரித்த பிறகு. அது பக்கம் 143. சின்னப் பாலத்தில் நான்கு பேர் உட்கார்ந்திருந்ததை ஆடு மேய்த்தவர் பார்த்தது ஐந்தேகால் மணிக்கு. அது பக்கம் 158.

ஐந்து ஐம்பதுக்குத் தெரிந்துகொண்டவர், ஐந்தேகாலுக்கு அங்கே வந்து உட்கார்ந்தவர்களுக்கு எப்படிச் சொல்லியிருக்க முடியும்?

என் கணக்கில் பிழை இருக்கலாம். பார்த்துச் சொல்லுங்கள்.

தங்கள் தம்பி,
அல்போன்ஸ்


தாம்பரம்
11-2-2025

அல்போன்சு,

மொரப்பூர் ஸ்டேஷனில் போன் இல்லையா? யாராவது கூப்பிட்டுச் சொல்லியிருப்பார்கள். ஆடு மேய்க்கிறவன் கையில் கடிகாரம் கட்டியிருந்தானா? அவன் சொன்ன ஐந்தேகால் ஆறேகாலாகவும் இருக்கலாம். உன் சீட்டில் இருக்கிற மணியெல்லாம் மனிதர்கள் ஞாபகத்தில் சொன்ன மணி. ரயில்வே டைம்டேபிள் இல்லை.

நான் மேடை போடுவதற்காக மதியமே கூட்டம் நடக்கிற ஊருக்குப் போய்விட்டேன். ஏழு மணிக்குத் தலைவர் வருவார் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஏழேகாலுக்கு முனியப்பன்தான் தனியாக ஓடி வந்தான். சட்டை கசங்கவில்லை. "பாலத்துல கல்லு வெச்சிருந்தாங்க, நிறுத்திட்டேங்க" என்றான். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. இரங்கல் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, ஸ்டியரிங்கைப் பிடித்த கைதான் காட்டிக்கொடுத்தது என்று முதலில் சொன்னவன் நான். நூற்று எழுபத்தொன்றாம் பக்கத்தில் அதை மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

இந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டால் புத்தகத்தில் என்ன இருக்கிறது? மற்றதெல்லாம் பேப்பரில் வந்ததுதானே. அவன் இல்லையென்றால் வேறு யார்? பெயரைச் சொல். நீ பெயரடைவு செய்கிறவன். ஒரு பெயரைக் கொடு. நான் அத்தியாயத்தையே மாற்றுகிறேன். வெறும் சந்தேகத்துக்காக நாற்பது வருட உழைப்பைக் கிழிக்க மாட்டேன்.

கோபமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

மாதவராஜ்


கடத்தூர்
20-2-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் படித்தேன். நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மனிதர்கள் சொன்ன மணிதான். ஆனாலும் பக்கம் 163இல் 'வழி சொன்னவர் முனியப்பனே' என்று முடிகிற வாக்கியத்தை, 'என்று பலரும் நம்பினர்' என்று மாற்றினால் போதாதா? இப்படிக் கேட்பது எனக்கே கோழைத்தனமாகத்தான் படுகிறது.

சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். பொங்கல் கழிந்து தர்மபுரி பஸ் நிலையத்தில் கலைமணியைப் பார்த்தேன். முனியப்பன் மகள். பென்னாகரம் பக்கம் அங்கன்வாடியில் வேலை. அப்பாவின் அதே உயரம். அவளாகவே வந்து பேசினாள். "தலைவரைப் பத்தி புஸ்தகம் வருதாமேங்க சார். எங்கப்பாவைப் பத்தி என்னன்னு போட்டிருக்காங்க?" என்றாள். நான் பெயர் மட்டும்தான் எழுதுகிறேன், விஷயம் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுச் சேலம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். நான் போக வேண்டியது கடத்தூருக்கு.

முனியப்பனைப் போலீஸ் பதினொரு நாள் வைத்திருந்து, பிறகு வெளியே விட்டது. வழக்குப் போடவில்லை. அதற்குப் பிறகு இந்தப் பக்கம் யாரும் அவரிடம் வண்டி கொடுக்கவில்லை. செங்கல் சூளையில் மண் மிதித்து 2003இல் இறந்தார். இதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இல்லை. இருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை.

'வ' வரைக்கும் முடித்துவிட்டேன்.

தங்கள்,
அல்போன்ஸ்


தாம்பரம்
1-3-2025

அல்போன்சு,

அச்சகத்தில் காகிதம் வரவில்லை என்று இழுக்கிறார்கள். பன்னிரண்டாம் தேதி நடக்காது. ஆனால் இருபதாம் தேதி கடைசித் திருத்தம் கேட்டிருக்கிறார்கள்.

'பலரும் நம்பினர்' என்றெல்லாம் எழுத மாட்டேன். பலர் எதற்கு? நான் நம்பினேன், நான் சொன்னேன். உனக்கு ஏதோ தெரியும் என்று தோன்றுகிறது. தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் சீட்டுகளை அனுப்பிவிடு. எனக்கு எழுபத்தைந்து ஆகிறது. இரண்டு கடிதத்துக்கு மேல் ஒரே விஷயத்தைப் பேசத் தெம்பில்லை.

மாதவராஜ்


கடத்தூர்
10-3-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நான்காவதை அப்படியே அனுப்புகிறேன். நடந்ததை நடந்த வரிசையில் மட்டும் சொல்கிறேன்.

அன்று மூன்றரை மணிக்குத் தலைவர் போனை வைத்துவிட்டு, "அல்போன்சு, ஏரிக்கரை வழியாப் போறோம், புரோகிராமை மாத்தி அடிச்சிடு" என்றார். மூன்று நாற்பதுக்கு அடித்து முடித்தேன். வழக்கம்போல நான்கு படி. உங்களுக்கு நினைவிருக்கும், ஜனங்களுக்குத் தெரியாத புரோகிராம் நமக்கு எதற்கு என்று சொல்லி, ஒவ்வொரு முறையும் ஒரு படியை மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பலகையில் ஒட்டச் சொன்னவர் அவர்தான். இதையும் ஒட்ட வேண்டுமா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் மறுபடியும் போன் வந்துவிட்டது. குறுக்கே பேசக் கூடாது என்று தாளைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு கீழே போய், நான்கு மூலையிலும் குண்டூசி குத்தி, பலகையில் மாட்டிவிட்டு வந்தேன்.

பழக்கம்தான் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கேட்க வேண்டும் என்று தோன்றியதே. தோன்றியும் கேட்கவில்லை.

நான்கேகாலுக்குத் தலைவர் டீ குடிக்கக் கீழே போனவர் பார்த்துவிட்டார். தாளைப் பிய்த்து நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மேலே வந்தார். "விடு அல்போன்சு, அரை மணி நேரத்துல யாரு படிச்சிருக்கப் போறாங்க" என்று சிரித்தார். பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பலகை. யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம். யார் படித்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் பெயர் என்னிடம் இல்லை. நீங்கள் கேட்ட பெயருக்கு, படிக்கக் கொடுத்தவன் பெயரைத்தான் தர முடிகிறது.

போலீஸ் கேட்டது ஒரே கேள்வி. வழி யார் யாருக்குத் தெரியும்? தலைவருக்கு, எனக்கு, டிரைவருக்கு என்று சொன்னேன். பலகையைச் சொல்லவில்லை. தலைவர் போய்விட்டார். என்னைச் சந்தேகப்படாமல் வெளியே அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தது முனியப்பன்.

என் பேச்சை நம்ப வேண்டாம். உங்கள் புத்தகத்தில் பக்கம் 240ஐப் பாருங்கள். பிரேத விசாரணையில் தலைவர் உடம்பிலிருந்து எடுத்த பொருள்களின் பட்டியல். ஏழாவது: 'சட்டைப் பையில் நான்காக மடித்த தட்டச்சுத் தாள் ஒன்று, இரத்தக் கறையுடன், நான்கு மூலைகளிலும் ஊசித் துளை.' நீங்கள் ஆவணத்தில் இருந்ததை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். பையில் வைக்கிற தாளுக்கு மூலையில் துளை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

ஒவ்வொரு தவக்காலத்திலும் கோவிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலில் நிற்கும்போது இதைச் சொல்ல நினைப்பேன். இது பாவமா, வெறும் தவறா என்று சாமியார் கேட்டால் என்ன சொல்வது என்று குழம்பி, வீட்டில் கோபப்பட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன். இந்த வருடமும் அப்படித்தான்.

பாக்கியமேரிக்கு நேற்றுதான் சொன்னேன். இன்று காலையில் காபி கொடுக்கும்போது, "அவங்க பொண்ணு இருக்குதில்லீங்க" என்றாள். அவ்வளவுதான்.

சீட்டுகளைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். முந்நூற்றுப் பன்னிரண்டு. அருள்ராணிக்கு அடுத்ததாக இன்னொன்றையும் வைத்திருக்கிறேன்:

அல்போன்ஸ், 143, 240.

அல்போன்ஸ்


கடத்தூர்
24-4-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஈஸ்டர் கழிந்தது. ஆறு வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். சசிகலா பாக்கியமேரியிடம் போனில் பேசும்போது, அப்பா நன்றாக இருக்கிறார், யாரிடமும் பேசுவதில்லை என்று சொன்னாளாம். நன்றாக இருக்கிறீர்கள் என்பதே போதும்.

முந்தாநாள் பென்னாகரம் போனேன். பஸ்ஸில் இரண்டு முறை இறங்கிவிட நினைத்தேன். கலைமணியின் அங்கன்வாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம். பிள்ளைகளைப் பாயில் வரிசையாகப் படுக்க வைத்துத் தூங்கப் பண்ணியிருந்தாள். உள்ளே வரச் சொன்னாள். உங்களுக்கு எழுதியதை எழுதிய வரிசையிலேயே சொன்னேன். பிள்ளைகள் எழுந்துவிடக் கூடாதே என்று மெதுவாகத்தான் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

முடித்ததும் ஏதோ சொன்னாள். அவளும் மெதுவாகத்தான் சொன்னாள். என் காதில் விழவில்லை. என்னம்மா என்றேன். மறுபடியும் சொன்னாள், அப்போதும் கேட்கவில்லை. மூன்றாவது முறை சத்தமாகச் சொன்னாள்.

"எங்கம்மா இருக்கறப்ப வந்து சொல்லியிருக்கலாமுங்களே."

ஒரு குழந்தை விழித்து அழுதது. அவள் அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தட்டிக்கொடுத்தாள். அவள் அம்மா காவேரியம்மாள் இறந்து இரண்டு வருடம் ஆகிறதாம். புருஷன் அப்படிப்பட்டவர் இல்லை என்று கடைசிவரை யாரிடமும் வாதாடவில்லையாம். வாதாடினால் சந்தேகம் இருப்பதாக ஆகிவிடுமே என்பாராம்.

நான் கிளம்பும்போது கலைமணி ஒன்றே ஒன்று கேட்டாள். "புஸ்தகத்துல எத்தனாவது பக்கமுங்க?" எங்கேயோ போய் அந்தப் பக்கத்தைப் பிரித்து யாருக்கோ காட்ட நினைக்கிறாள் போலிருக்கிறது. என்னிடம் ஒரு வெற்றுச் சீட்டு இருந்தது. 163 என்று எழுதிக் கொடுத்தேன். அதை மடித்து வருகைப் பதிவேட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்தப் பக்கத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. புத்தகம் அச்சாகிவிட்டதா என்றும் தெரியாது. தெரியாமலே எண்ணைக் கொடுத்தது தவறோ என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

பதில் எழுதத் தோன்றாவிட்டால் எழுத வேண்டாம். மருந்தை மட்டும் விடாதீர்கள்.

அல்போன்ஸ்


தாம்பரம்
16-5-2025

அல்போன்ஸ்,

அச்சை நிறுத்தச் சொல்லி மார்ச் பதினாறாம் தேதியே சொல்லிவிட்டேன். அத்தியாயத்தை மறுபடி எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. கண் ஒத்துழைக்கவில்லை. சசிகலாதான் சொல்லச் சொல்ல எழுதினாள். இரண்டு இடத்தில் அவள் எழுதாமல் நிறுத்திவிட்டாள். பிறகு எழுதினாள்.

பக்கம் 240ஐ நானே என் கையால் ஆவணத்தைப் பார்த்துப் படி எடுத்தேன். ஊசித் துளை என்று எழுதினேன். யோசிக்கவில்லை. விடை முனியப்பன் என்று எனக்கு அப்போதே முடிவாகியிருந்ததே.

நீ அன்றைக்கே என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால், நான் அந்த மைக்கைப் பிடித்திருக்க மாட்டேன். இதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. நான் கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய் என்பதும் தெரியும். நானும் கேட்கவில்லை. யாரையும் கேட்காமல்தான் மேடை ஏறினேன்.

வெளியீட்டு விழா வைக்கவில்லை. இனி இது விஷயமாக நாம் எழுதிக்கொள்ள ஒன்றுமில்லை. இரண்டு திருத்தம் மட்டும்.

ஒன்று. பெயரடைவில் என் பெயரும் வர வேண்டும். மாதப்பனுக்கு அப்புறம், மாதையனுக்கு முன்னால். மாதவராஜ், 173. இரங்கல் கூட்டம்.

இரண்டு. நீ கொடுத்த எண் தவறு. திருத்தி எழுதியதில் இரண்டு பக்கம் கூடிவிட்டது. 163 அல்ல, 165. அந்தப் பெண்ணிடம் நேரில் போய்ச் சொல். பிள்ளைகள் தூங்காத நேரமாகப் பார்த்துப் போ.

பெ. மாதவராஜ்